பலெர்மோவில் ஒரு தோடம்பழம்

அந்தத் தோடம்பழம் பரமேஸ் அக்காவின் விரல்களுக்கு நடுவில் இருந்தது. தேசிக்காய் அளவுகூட இல்லை. ஆரஞ்சு நிறத் தோலில் சின்னச் சின்னக் குழிகள், காம்பில் ஒரு பச்சை இலை. சற்றுமுன்தான் மரத்திலிருந்து பறித்தது என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

ஆனால் அது பழமில்லை. பாதாம் பருப்பை மாவாக அரைத்து, சீனியோடு பிசைந்து, பழத்தின் உருவத்தில் பிடித்துச் சாயம் பூசிய இனிப்பு. சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் இனிப்புக் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் இப்படித் தோடை, பீச், அத்திப்பழம் எல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும்.

அக்காவின் மற்றக் கை என் மகள் ஆரணியின் தாடையைப் பிடித்திருந்தது.

"வாயைத் திற பிள்ளை" என்றார்.

நான் கடையின் மறுகோடியில் காசு கொடுக்கும் இடத்தில் நின்றேன். என் மகளுக்குப் பாதாம் ஆகாது. கஜு என்கிற முந்திரிப் பருப்பு, பிஸ்தா, வால்நட், எந்தக் கொட்டையும் ஆகாது. ஒரு கடி போதும், தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். இது பரமேஸ் அக்காவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே கப்பல் ஏறிய நாள் முதல் நாங்கள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தக் கை ஆரணியின் உதட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? கண் மூடித் திறக்கிற நேரம். ஆனால் அதற்குள் எப்படி வந்தோம் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சாப்பாட்டு மேசைச் சோதனை

பரமேஸ் அக்கா, எங்களுக்கு மாப்பிள்ளையாக வரவிருந்த நிரோஷனின் தாய். பாரிசின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் வீடு. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன். "அம்மாவுக்கு மேரியிலை வேலை" என்று தரகர் சொன்னார். மேரி என்றால் இங்கே நகரசபை. அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி வசந்தியின் மனதில் ஒரு பெரிய மேசையும், முத்திரை குத்துகிற ஒரு அதிகாரியும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அக்காவோடு தொலைபேசியில் கதைக்கும்போதுகூட வசந்தி எழுந்து நின்றுதான் கதைப்பாள்.

நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணை என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பதை இன்றுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை, அது இரு பக்கத்துக்கும் வசதியாக இருக்கிறது.

முதற் சந்திப்பு பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், கார் து நோர் ரயில் நிலையப் பக்கமாக இறங்கும் தெருவில் உள்ள ஒரு தேநீர்க் கடையில். ரோல்ஸும் வடையும் வந்தன. பிள்ளைகள் இருவரும் பல மாதங்களாகக் கதைத்துப் பிடித்துப் போயிருந்தார்கள். சாத்திரமும் பொருந்தியிருந்தது. இனி அக்காவின் ஒரு சொல்தான் பாக்கி.

அக்கா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பதிலாக, கைப்பையிலிருந்து ஒரு கப்பல் படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"மார்செய்யிலை ஏறினால் ஜெனோவா, நேப்பிள்ஸ், பலெர்மோ, பார்சலோனா. ஒரு கிழமை. எல்லாரும் ஒண்டாப் போவம்."

"எதுக்கு அக்கா?" என்றேன்.

"ஒரு குடும்பத்தை அறியவேணுமெண்டால் சாமி அறையைப் பாக்கக்கூடாது அண்ணை, சாப்பாட்டு மேசையைப் பாக்கவேணும். ஒரு கிழமை ஒண்டா இருந்து சாப்பிடுவம். பிறகு சொல்லுறன்."

உலகத்தில் எத்தனையோ சோதனை இருக்கிறது. ஜாதகம் பார்க்கலாம், வீட்டைப் பார்க்கலாம், சம்பளத்தைக்கூடக் கேட்கலாம். இந்த அம்மா போயும் போயும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துவிட்டாரே!

வசந்தி சிரித்த முகத்தோடு "நல்லதக்கா" என்றாள். மேசைக்குக் கீழே என் முழங்காலை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு தும்மலும் காசநோயும்

ஏன் ஒளித்தீர்கள், நேரே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்லிப் பார்த்தவர்கள்தான் நாங்கள்.

லாச்சப்பலை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே மெத்ரோ வாசலில் ஒருவன் தும்மினால், அந்தச் செய்தி மரக்கறிக் கடை, நகைக்கடை, சலூன் எல்லாம் ஏறி இறங்கித் தெருவின் மறுகோடிக்குப் போகும்போது அவனுக்குக் காசநோய். எல்லாரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் சும்மா ஒரு செய்தியைக் கைமாற்ற ஒருவருக்கும் மனம் வருவதில்லை. ஆளுக்கொரு பிடி உப்புப் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

இதற்கு முன் திரான்சி என்ற புறநகரிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பெண்ணுக்குக் கொட்டை வகை ஒத்துக்கொள்ளாது என்று நானே முதல் நாளே சொன்னேன். அடுத்த கிழமை அந்தக் குடும்பம் தொலைபேசி எடுக்கவில்லை. பிறகு தெரிந்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "பிள்ளைக்கு வலிப்பாமே, இப்ப எப்பிடி?" என்று துக்கம் விசாரித்தார். என் பிள்ளைக்கு ஒரு வலிப்பும் இல்லை. கொட்டை தின்னாதவரை அவள் என்னைவிட ஆரோக்கியமானவள். மெத்ரோப் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறுவாள்.

அன்று வசந்தி முடிவெடுத்தாள். "இனி ஆரிட்டையும் சொல்லுறேல்லை. கல்யாணம் முடியட்டும்."

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்கிறது பழமொழி. நாங்கள் ஒன்றுதான் சொன்னோம். அந்த ஒன்றும் பொய்யில்லை, வாய் திறவாமை, அவ்வளவுதான் என்று வசந்தி வாதிடுவாள். ஆரணிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "பாப்பா, சே ரிடிக்யூல்!" என்று என்னிடம் பிரெஞ்சில் கத்தினாள். எனக்கும் அபத்தமாகத்தான் பட்டது. ஆனால் தாய் அழுதாள். மகள் அடங்கிப்போனாள். "கப்பல் போய் வருமட்டும்தான், அதுக்குப் பிறகு நானே சொல்லுவேன்" என்று ஒரு கெடுவும் வைத்தாள்.

தெரிந்தவனுக்குத்தான் பயம்

என் தொழில் சமையல். பாரிசுக்கு வந்த நம்மவர் பலரைப்போல நானும் ஓர் உணவகத்தின் பின்புறத்தில் தட்டுக் கழுவித்தான் தொடங்கினேன். கழுவும் தொட்டியிலிருந்து அடுப்புக்குப் போக வருடங்கள் பிடித்தன. எங்கள் முதலாளி பிரான்சின் தெற்குக் கடற்கரைக்காரர். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஊர்ச் சமையல்தான் அவருடைய கடையில். மார்செய் மீன் சூப், ஜெனோவாவின் பச்சைத் துளசிச் சாந்து, சிசிலிக் கத்தரிக்காய் எல்லாம் என் கைக்குப் பழகியவை.

இதைக் கேட்டுவிட்டுப் பரமேஸ் அக்கா, "அப்ப எந்தத் துறைமுகத்திலை என்ன சாப்பிடுறதெண்டு அண்ணைதான் சொல்லவேணும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

தெரியாதவனுக்குப் பயமில்லை. எனக்கோ அந்தக் கடலோரம் முழுவதும் கொட்டை மரங்களாகத் தெரிந்தது. ஜெனோவாவின் பெஸ்டோ என்ற அந்தத் துளசிச் சாந்தில் பைன் விதை. அதே ஊரில் வால்நட்டில் ஒரு வெள்ளைச் சாந்து. நேப்பிள்ஸில் பீட்சாவின் மேல் பிஸ்தாத் தூள் தூவுகிற புது நாகரிகம். பலெர்மோவின் கத்தரிக்காய்க் கூட்டில் வறுத்த பாதாம், மத்தி மீன் போட்ட பாஸ்தாவில் பைன் விதை. பார்சலோனாவிலோ குழம்பு தடிப்பதற்கே பாதாமும் ஹேசல் கொட்டையும் இடித்துத்தான் போடுவார்கள், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

பயப்படாமல் சாப்பிடக்கூடிய ஒன்றும் உண்டு, கடலை மா. நம் கொண்டைக் கடலையேதான். மார்செய்யில் அதைக் களியாகக் கிண்டி வெட்டிப் பொரிக்கிறார்கள். ஜெனோவாவில் தோசைபோல் பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் வேகவைக்கிறார்கள். பலெர்மோவில் மெல்லிய துண்டுகளாகப் பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து தருகிறார்கள். ஆரணிக்குக் கடலை ஒன்றும் செய்யாது. ஆனால் வசந்தி நம்பமாட்டாள். "கடலை எண்டாலும் கொட்டை எண்டாலும் எனக்கு ஒண்டுதான்" என்று அதையும் தட்டிலிருந்து தள்ளிவிடுவாள்.

இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு அனுபவப்பட்டவனின் ஒரு வார்த்தை. கப்பல் சாப்பாட்டில் வயிற்றை நிரப்பாதீர்கள். துறைமுகத்தில் இறங்கி இரண்டு தெரு உள்ளே நடந்து, உள்ளூர்க்காரர் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். உங்களுக்கு ஒரு சாமான் ஆகாது என்றால் ஊரைக் கூட்டியாவது சொல்லிவிடுங்கள். நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள்.

"எனக்குத்தான்!"

ஏறிய அன்றே எனக்கு சாப்பாட்டு மண்டபத்தில் இனிப்புகளோடு அடுக்கியிருந்த ஆயிரம் கண்ணாடிக் கிண்ணங்களைப் பார்க்கத் தலை சுற்றியது. கப்பலில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பெயர் எழுதித் தனித் தட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அப்படி வைத்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று வசந்தி விடவில்லை.

அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். எங்கள் மேசைக்குப் பரிமாற வந்தவர் செல்வின் என்ற நாகர்கோவில்காரர். தமிழர் என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. அவரை ஒரு தூணுக்குப் பின்னால் அழைத்து விஷயத்தை இரகசியமாகச் சொன்னேன்.

"கவலையே படாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார் செல்வின். நெஞ்சில் கைவைத்து வேறு சொன்னார்.

தமிழரைத் தேடிப் பிடித்தவன் ஒன்றை யோசிக்கவில்லை. தமிழில் பேசினால் பரமேஸ் அக்காவுக்கும் விளங்கும்.

சாப்பாடு முடிகிற நேரம், எல்லாரும் மேசையில் இருக்கும்போது, செல்வின் ஒரு கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வந்தார். "சார் சொன்ன மாதிரி நட்ஸ் இல்லாத டெசர்ட் தனியா செய்யச் சொல்லிட்டேன் சார். அலர்ஜி இந்த மேடத்துக்குத்தானே?"

கிண்ணம் ஆரணியை நோக்கிப் போனது. அக்காவின் கரண்டி வாய்க்கு அருகில் நின்றது. வசந்தியின் முகத்தில் இரத்தமே இல்லை.

"எனக்கு! எனக்குத்தான்!" என்று நான் எழுந்து நின்றே கத்திவிட்டேன்.

செல்வின் என்னைப் பார்த்தார், ஆரணியைப் பார்த்தார். நல்ல மனிதர், ஒன்றும் பேசாமல் கிண்ணத்தை எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணைக்கோ? ஏன் முதலே சொல்லேல்லை? எந்தக் கொட்டை? மூச்சு முட்டுமோ, இல்லாட்டித் தோல் தடிக்கிறது மட்டுமோ? ஊசி வைச்சிருக்கிறியளோ?"

டாக்டர்கூட இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. ஊசி மகளின் பையில் இருக்கிறது என்றேன். அது ஒன்றுதான் நான் அன்று சொன்ன உண்மை. பேனை போன்ற அந்த அவசர ஊசி எப்போதும் ஆரணியோடுதான் இருக்கும்.

"நல்லது. இனி உங்கடை தட்டை நான் பாக்கிறன்" என்றார் அக்கா.

தட்டு மாறியது

கெட்டிக்காரத்தனமாகத் தப்பிவிட்டேன் என்று அன்று நினைத்தேன். மறுநாள் ஜெனோவாவில்தான் புரிந்தது, நான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒடுங்கிய ஒரு சந்தில் உட்கார்ந்தோம். கடல் உப்பும், அப்போதுதான் ஆய்ந்த துளசியும் கலந்த ஒரு வாசம். நான் பெஸ்டோப் பாஸ்தா கேட்டிருந்தேன். எனக்கு அது உயிர். ஆரணிக்கு எண்ணெய் பூசிய வெறும் ரொட்டி. அக்கா பரிசாரகரைக் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு என் தட்டை எடுத்தார், ஆரணிக்கு முன்னால் வைத்தார், அவளுடைய ரொட்டியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"இதிலை பைன் விதை இருக்காம் அண்ணை, உங்களுக்கு வேண்டாம். பிள்ளை, நீ சாப்பிடு."

என் மகளைக் காப்பாற்ற நான் சொன்ன பொய், நஞ்சை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டது.

"வயிறு சரியில்லை அன்ரி" என்றாள் ஆரணி. அன்று முழுவதும் அவள் பட்டினி.

அதன் பிறகு இதே கதை. நான் ஒளித்து ருசி பார்க்கவும் வழியில்லை, எனக்குத்தானே ஆகாது! எனக்கு ஆகாதவை எல்லாம் அன்போடு ஆரணி பக்கம் நகர்ந்துகொண்டே போயின. அவளும் தலையிடி, குமட்டல், பசியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளினாள். நேப்பிள்ஸில் மட்டும் ஒரு நேரம் நிம்மதியாக இருந்தோம். தக்காளியும் பாற்கட்டியும் துளசி இலையும், வேறொன்றும் இல்லாத பீட்சா. ஆரணி முழுதாகச் சாப்பிட்டாள். ஓரம் கருகிய அந்த மாவின் மணத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிரோஷன் அவளுக்குத் தன் பங்கிலும் பாதியை வெட்டிக் கொடுத்தான்.

அன்று மாலை கப்பல் தளத்தில் அக்கா வசந்தியிடம் மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. நான் என்ன குடுத்தாலும் பிள்ளை வேண்டாம் எண்டுது. மகன் குடுத்தால் சாப்பிடுது. என்னைப் பிடிக்கேல்லையோ?"

வசந்தி அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அவ பிழையா விளங்குறா. சம்பந்தம் போகப்போகுது" என்றாள். ஆரணி சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அவ என்ன தந்தாலும் வேண்டாம் எண்டு சொல்லாதை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல் வசந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவ்வளவு பயமாக இருந்தது.

கண் மூடித் திறக்கிற நேரம்

மறுநாள் பலெர்மோ. சந்தையில் மீன் வெட்டுகிறவர்கள் பாட்டுப் பாடுவதுபோல் கூவிக்கொண்டிருந்தார்கள். நிலம் எல்லாம் ஐஸ் உருகிய தண்ணீர். அக்கா மகிழ்ச்சியாக இருந்தார். கடலைமாப் பொரியலைப் பாணோடு கடித்துக்கொண்டு, "இது எங்கடை பஜ்ஜிதானே அண்ணை" என்று சிரித்தார். பிறகு எல்லாரையும் அந்த இனிப்புக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

நான் காசு கொடுக்க ஒதுங்கினேன். திரும்பிப் பார்த்தால் அக்காவின் விரல்களில் அந்தத் தோடம்பழம்.

"நேற்று முழுக்க யோசிச்சன்" என்று அவர் சொல்வது கேட்டது. "பிள்ளை நல்ல பிள்ளை. எனக்குச் சம்மதம். இண்டைக்கு நல்ல நாள், என்ரை கையாலை ஒரு இனிப்புத் தாறன். வாயைத் திற பிள்ளை."

நாங்கள் மாதக்கணக்காகக் காத்திருந்த சொல். அது இப்படியா வரவேண்டும்? நம் வழக்கத்தில் சம்மதம் சொல்லி ஊட்டுகிற இனிப்பை யார் மறுப்பார்கள்? மறுத்தால் இனிப்பையா மறுத்ததாகும்?

ஆரணிக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. அவள் என்னைத் தேடினாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு அவளுடைய உதடுகள் மெல்லத் திறந்தன.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. ஒரு தட்டு கவிழ்ந்தது. அக்காவின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். அதே கணத்தில் "நோன், மமோன்!" என்று நிரோஷன் தாயைப் பார்த்து அலறினான். தோடம்பழம் ஆரணியின் கீழுதட்டை உரசிக்கொண்டு போய்த் தரையில் விழுந்து உடைந்தது.

நிரோஷனின் கையில் ஓர் ஊசி இருந்தது, பேனை போன்றது. அவனுடைய சட்டைப் பையிலிருந்து எடுத்திருந்தான். டாக்டர் எப்போதும் இரண்டு எழுதித் தருவார். மற்றது வீட்டில் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், ஆரணியின் உதட்டைப் பார்த்தார். ஓடிப்போய்க் கடைக்காரரின் தொட்டியில் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவினார். பிறகு ஈரத் துணியோடு வந்து ஆரணியின் உதட்டை வெளிப்பக்கமாகத் துடைத்தார். "நக்காதை. துப்பு. மூச்சு லேசா இருக்கோ? தொண்டை கடிக்குதோ?" ஆரணி முதலாவதுக்கு ஓம் என்று தலையாட்டினாள், மற்றதுக்கு இல்லை என்று தலையசைத்தாள். ஊசியைத் திறந்தபடி நிரோஷன் பக்கத்தில் நின்றான்.

உதட்டின் ஓரம் சிவந்து தடித்தது. நாங்கள் எல்லாரும் அந்தத் தடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்காரப் பெண் மூலையில் நின்று ஏதோ செபம் சொன்னாள். நெடுநேரத்துக்குப் பிறகு தடிப்பு மெல்ல வடிந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் அக்கா ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இல்லை" என்றார் என்னிடம்.

"இல்லை அக்கா. பிள்ளைக்கு."

மகனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா. ஆரணி முதலே சொன்னவ. உங்களிட்டை இப்ப சொல்ல வேண்டாமெண்டு கேட்டவ."

"நான் வேலை செய்யிறது பள்ளிக்கூடக் கன்ரீனிலை அண்ணை. எந்தப் பிள்ளைக்கு எது ஆகாதெண்டு எனக்குப் பேரோடை தெரியும். இந்தக் கையாலை ஒரு பிள்ளைக்கும் பிழை விட்டதில்லை."

வசந்திக்கு அந்த நேரத்தில்தான் அது நினைவுக்கு வரவேண்டுமா? "தரகர் மேரி எண்டெல்லோ சொன்னவர்" என்றாள், அழுகையோடு.

"கன்ரீனும் மேரியின்ரைதான்" என்றார் அக்கா. பிறகு அவர் குரல் உடைந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது. ஊட்டுறவள் நான், எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை கையாலை அந்தப் பிள்ளையைக் கொல்ல விட்டிருப்பியளே!"

நான் அந்தக் கையைப் பார்த்தேன். நான் அடித்த இடம் சிவந்துபோயிருந்தது.

பாயாசம்

மிச்சப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அக்கா வேறு மேசையில் உட்கார்ந்தார். பார்சலோனாவில் கரை இறங்கவில்லை. நானும் வசந்தியும் ஏதோ ஒரு மரநிழலில் ஒரு கோப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். மார்செய்யில் பிரியும்போது எங்கள் இருவரையும் அவர் பார்க்கவில்லை. ஆரணியிடம் மட்டும் "பையை மறக்காதை" என்றார்.

பாரிஸ் வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு கிழமை, இன்னொரு கிழமை. நிரோஷன் வந்து போனான். "அம்மா இதைப்பற்றிக் கதைக்கிறா இல்லை மாமா" என்றான். தாயின் சம்மதம் இல்லாமல் செய்யவும் மாட்டேன், ஆரணியை விடவும் மாட்டேன் என்றான். ஆரணி இரவுச் சாப்பாட்டில் எங்களோடு உட்காருவதை நிறுத்திவிட்டாள். வசந்தி லாச்சப்பல் போவதையே விட்டுவிட்டாள். கறிவேப்பிலை வாங்கக்கூட நான்தான் போனேன். போகிற இடத்தில் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யாராவது வலிப்பு என்பார்கள், யாராவது இருதயம் என்பார்கள் என்று. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது புரிந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு நாள் தொலைபேசி வந்தது. "சனிக்கிழமை பகல் லாச்சப்பலுக்கு வாங்கோ. ரண்டு பேரும் வாங்கோ." அவ்வளவுதான். ஒரு உணவகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். முறிப்பதென்றால் முகத்துக்கு நேரே முறிப்பார், அப்படிப்பட்டவர்தான் என்று வசந்தி சொன்னாள்.

சனிக்கிழமை லாச்சப்பல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த உணவகத்தில் ஒரு கதிரை காலியில்லை. கொத்துரொட்டித் தகரச் சத்தம், மீன் பொரியும் மணம், சாமான் பைகளோடு நிற்கும் குடும்பங்கள். தெரிந்த முகங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. திரான்சிச் சம்பந்தத்துக்குப் பிறகு, வலிப்பு என்று என்னிடம் துக்கம் விசாரித்தவர்கூட ஒரு மூலையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பரமேஸ் அக்கா காசு மேசைக்கு முன்னால் நின்றார். எங்களைக் கண்டும் சிரிக்கவில்லை. கல்யாண வீடுகளுக்கும் சமைத்துக் கொடுக்கிற அந்த உணவகத்தின் முதலாளி மேசைக்கு மறுபக்கம் நின்றார். "வாங்கோ" என்று எங்களைத் தனக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அக்கா அவர் பக்கம் திரும்பினார். அந்தச் சத்தத்தை எல்லாம் மீறி அவருடைய குரல் எழுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல்.

"தம்பி, என்ரை மகன்ரை கல்யாணச் சாப்பாடு. என்ரை மருமகளுக்குக் கொட்டை வகை ஒண்டும் ஆகாது. கஜு, பாதாம், பிஸ்தா, ஒண்டும் இந்தச் சமையலிலை வரக்கூடாது. தெரியாமல் ஒரு துண்டு விழுந்தாலும் பிள்ளைக்கு மூச்சு நிண்டுபோம். இது வலிப்பும் இல்லை, ஒட்டுற வருத்தமும் இல்லை. ஆகாது, அவ்வளவுதான். விளங்குதோ?"

கொத்துரொட்டிச் சத்தம் நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. மூலையில் இருந்தவரின் கை சோற்றோடு அப்படியே நின்றது. நாங்கள் இவ்வளவு நாளும் பொத்திப் பொத்தி வைத்ததை அக்கா சனிக்கிழமைப் பகலில், லாச்சப்பலின் நடுவில், ஊரே கேட்கச் சொல்லிவிட்டார். மருமகள் என்று வேறு சொல்லிவிட்டார்.

நான் வசந்தியைப் பார்க்கப் பயந்தேன். அவள் தலை குனிந்திருந்தது.

"விளங்குது அக்கா" என்றார் முதலாளி. "அப்ப பாயாசம்? கஜு போடாத பாயாசத்தை ஆக்கள் குறை சொல்லுவினம். மணப்பொம்பிளைக்கு மட்டும் தனியா ஒரு கிண்ணத்திலை வைப்பமோ?"

அக்கா அந்தப் பதிலை வசந்திக்கே விட்டார். திரும்பி வசந்தியைப் பார்த்தார், காத்து நின்றார்.

வசந்தி நிமிர்ந்தாள். இவ்வளவு சனத்துக்கு முன்னால் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"தனிக் கிண்ணம் வேண்டாம் தம்பி. எல்லாருக்கும் கஜு இல்லாமலே காய்ச்சுங்கோ. என்ரை பிள்ளையும் சபையிலை இருந்து சாப்பிடவேணும்."